யாரும் சாகாத ஆட்டம்

இலங்கையில், அக்கரப்பத்தனை போகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான் என்று உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது என்பது பஸ் கிளம்பி மழை பிடித்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் குடையை விரித்து ஜன்னலில் செருகி, காம்பை என் கையில் கொடுத்தார். எங்கள் திருச்சியில் குடைக்கு வெயிலில்தான் வேலை. இங்கே ஓடுகிற பஸ்ஸுக்குள் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

மடியில் சூசையின் பை இருந்தது. சில சட்டைகள், ஒரு கைக்கடிகாரம், ஒரு ஜெபமாலை. அவன் இந்தியாவில் சேர்த்த சொத்து அவ்வளவுதான். அச்சகத்தில் அவன் எழுத்துக் கோர்ப்பவன், நான் பிழை திருத்துபவன். ஒரே அறையில் தங்கியிருந்தோம். காமாலை முற்றி மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனான். அவனுடைய அக்காவுக்குத் தந்தி கொடுத்தோம். அவனுடைய சாமானை யாராவது நேரில் கொண்டுவர முடியுமா என்று அந்த அம்மா கேட்டிருந்தார். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அதனால் கடல் தாண்டுகிற வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

ஒரு மேட்டில் பஸ் இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். குடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"எல்லாரும் எறங்கித் தள்ளணுமாம். வயசானவங்களும் புள்ளத்தாச்சியும் உள்ள இருக்கலாமாம். நீங்க எந்தப் பக்கம்னு கேக்குறாரு."

இறங்கித் தள்ளினேன். தள்ளிக்கொண்டே குடைக்காரர் என் ஊரை விசாரித்தார். மணப்பாறைப் பக்கம் என்றேன். "எங்க தாத்தாவுக்கும் அந்தப் பக்கந்தான்" என்றார். "ஊரு பேருதான் மறந்துபோச்சு." பேச்சு அப்படியே எங்கள் சந்தைக்கடைப் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாட்டுச் சந்தையில் நிற்பது போலத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தால் நாலா பக்கமும் தேயிலை. அவருக்கு நான் இந்தியாக்காரன். திருச்சியில் சூசை கடைசிவரை சிலோன்காரன். கடைக்காரர் முதல் ஆஸ்பத்திரி ஆயா வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடைத்தெருவில் பிலோமினா டீச்சர் காத்துக்கொண்டு நின்றார். சூசையின் அக்கா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நாற்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சூசையுடைய அதே அகலமான நெற்றி. அதைப் பார்த்ததும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை எதுவும் வரவில்லை.

"குளிரும்னு தம்பி ஒங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டார். நனைந்த என் சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அவன் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குக் குளிரே தெரியாது."

உயிரோடு இருக்கிறவனைச் சொல்வது போலத் தெரியாது என்றார், தெரிந்ததில்லை என்று சொல்லவில்லை. பிழை திருத்துகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்காது. பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

அன்று சாயங்காலம் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார். மிளகாய், வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு எல்லாவற்றையும் அம்மியில் நசுக்கிய சம்பல். முதல் வாயில் கண்ணில் நீர் வந்தது, இரண்டாவது வாயில் இன்னொரு ரொட்டி கேட்டேன். தேத்தண்ணியில் பால் இல்லை. உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிக்க வேண்டும். நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போய்விடுமாம். மலை முழுக்கத் தேயிலை வைத்திருப்பவர்கள் குடிப்பது சலித்து மிஞ்சிய தூளை. எங்கள் அச்சகத்து முக்குக் கடையில் இதைவிட நல்ல டீ கிடைக்கும். அதைச் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு எனக்கு நாகரிகம் இருந்தது.

பையை வாங்கி ஓரமாக வைத்தார், திறக்கவில்லை. அவன் எப்படிப் போனான், கடைசியில் என்ன சொன்னான், எதையும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க ஆட்டம் போட்டானா?"

போட்டான் என்றேன். எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவன்தான்.

அந்த ஆட்டத்தை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடன், ஒருவர் படைவீரன். "மலைக்கோட்டை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே நாய் குரைக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கதைக்காரர் கேட்பார். அவரவர் பாத்திரம் என்ன செய்யும் என்று அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டையை உருட்டுவோம். ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் நடந்தது. குறைந்தால் நடக்கவில்லை. வெள்ளைக்கார நாடொன்றிலிருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு பையன் அக்கரப்பத்தனையில் இதை விதைத்துவிட்டுப் போனான். அவன் வைத்திருந்த பல முகக் கட்டைகள் அவனோடு போய்விட்டன. தாயக்கட்டை இங்கேயே இருந்தது.

சூசை எப்போதும் ஓடக்காரன். பாத்திரத்தின் பெயர் முத்தையா. கப்பலேறும் வரை கடலையே பார்த்திராதவன், ஓடையைத் தாண்டிப் பெரிய ஆறு பார்த்திராதவன், ஏன் ஓடக்காரனானான் என்று கேட்டால் சிரிப்பான்.

மறுநாள் காலை தங்கராஜ் வந்தார். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவர், சூசையின் சின்ன வயதுச் சினேகிதர். மலையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். லயங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு நீளக் கட்டடத்தைச் சுவர் வைத்துத் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம். எங்கள் ஊரில் குடிசையானாலும் சுற்றிலும் ஒரு அடி வெறும் மண் இருக்கும். இங்கே அடுத்த வீட்டுக் குழந்தையின் இருமலில் இவர்கள் விழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு வளைவில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு தங்கராஜ் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்களால ஒரு காரியம் ஆகணும். சூசை செத்து முப்பதாம் நாளு பூசை வைக்கணும்னு ஃபாதர் பூசையில வாசிக்க அவன் பேரக் கேட்டாரு. டீச்சர் குடுக்கல. அடுத்த மாசமும் கேட்டாரு. பாக்கலாம் ஃபாதர்னுட்டாங்க. எங்காளுகன்னா பதினாறாம் நாளே எல்லாம் முடிச்சிருப்போம். இவங்க ஒரு சொட்டு அழுவல. தந்தி வந்த அன்னைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க."

"நான் என்ன செய்யறது?"

"நாளைக்கு ஆட்டத்துல ஒக்காந்து பாருங்க. பாத்தா புரியும். நாங்க எதும் சொன்னா அவங்க மனசு ஒடைஞ்சிரும். நீங்க வெளி ஆளு."

வெளி ஆளுக்கு இருக்கிற வசதி அது. மனசை உடைத்துவிட்டுக் கப்பலேறிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் மேசை போட்டார்கள். பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் வரைந்து ஒட்டிய ஒரு பெரிய வரைபடம். மலை, கோட்டை, குறுக்கே ஒரு ஆறு. பிலோமினா டீச்சர்தான் கதைக்காரி. தங்கராஜ் படைவீரன். தபாற்கந்தோரில், அதாவது தபால் ஆபீஸில், வேலை பார்க்கும் சுமணபால என்ற சிங்களவர் ஊர் ஊராகப் போகும் வியாபாரி. புதிதாக வந்த மெர்சி என்ற இளம் ஆசிரியை வைத்தியச்சி. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே மேசையில் நான்கு பேர் நான்கு ஆட்டம் ஆடினார்கள். தங்கராஜுக்குச் சண்டை வேண்டும். யாராவது வாசலில் நின்றாலே வாளை உருவிவிடுவார். சுமணபாலவுக்குச் சண்டையே பிடிக்காது. சத்திரக்காரனிடம் உப்பு விலை பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். பாதி தமிழ், பாதி சிங்களம். அவர் சொன்னதை டீச்சர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "ஒங்க உப்புல மண்ணு இருக்கு, ஆனா ஒங்க மொகத்துல கள்ளம் இல்ல, அதனால பாதி வெல தாறேன்னு சொல்லுறாரு." மெர்சிக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். கட்டையை யார் உருட்டுவது, எத்தனை தடவை, எல்லாவற்றுக்கும் சட்டம் கேட்பாள். டீச்சருக்கோ இடத்தை விவரிப்பதில்தான் ருசி. கோட்டைச் சுவரில் பாசி எப்படிப் படர்ந்திருக்கிறது என்று அவர் சொல்லும்போது எனக்கு விரல் நுனி ஈரமானது.

எங்கள் திருச்சி மேசையாக இருந்தால் இதற்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். இங்கே ஒருவர் ஆட்டத்துக்கு மற்றவர் காத்திருந்தார். தங்கராஜ் உப்பு விலை முடியும்வரை வாளைக் கையில் பிடித்தபடியே இருந்தார், பாவம்.

பிறகு காலி நாற்காலியின் முறை வந்தது.

டீச்சர் அந்தப் பக்கம் பார்த்தார். குரல் மாறியது. கொஞ்சம் கட்டையாக, வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு கலந்த குரல். சூசையின் குரல். "ஆத்துல தண்ணி ஏறுதுப்பா. நான் ஓடத்த இந்தக் கரையிலயே கட்டிப்போட்டு நிக்கிறேன். தண்ணி வடியட்டும்" என்றார்.

தங்கராஜ் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமணபால கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெர்சிதான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், மூணு மாசமா ஓடம் அந்தக் கரையிலயே நிக்கிது. இந்தியா போனவங்களுக்கு நாம பேசுறோம், சரி. சூசை அண்ணன் இப்ப இந்தியாவுல இல்ல டீச்சர். செத்துட்டாரு. செத்தவருக்கு எப்படி முறை வரும்? எந்த மேசையிலயும் இப்படி இல்ல." என் பக்கம் திரும்பினாள். "சேர், ஒங்க ஊருல எப்படி? நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் எப்படி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கட்டை சரியாக விழாவிட்டால் செத்தான், செத்தவனுக்கு முறை கிடையாது. அவ்வளவுதான் சட்டம். ஆனால் அச்சகத்தில் நான் கற்றது ஒன்று உண்டு. நூலாசிரியர் கொடுத்த பிரதியில் பிழை என்று உறுதியாகத் தெரிந்தாலும், அடித்துவிட்டுத் திருத்தக்கூடாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அடித்தால் சண்டைக்கு வருவார். கேள்விக்குறி போட்டால் அவரே பார்த்து, அவரே திருத்துவார். சில நேரம் அவர்தான் சரியாகவும் இருப்பார்.

"எங்க பக்கம் வேற மாதிரி ஆடுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

டீச்சர் வரைபடத்தைச் சுருட்டினார். "மழ வருது, துணி காயப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழை வரவில்லை. மெர்சி அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். "நான் தப்பாச் சொல்லலியே" என்று கேட்டாள். தப்பாகச் சொல்லவில்லைதான். நல்ல பெண், கெட்ட நேரத்தில் சரியாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் தங்கராஜோடு ஹட்டனுக்குப் போனேன். அவருக்கு அங்கே ஒரு வேலை, எனக்குப் பெரிய ஊரைப் பார்க்க ஆசை. காலைச் சாப்பாடு பாணும் பருப்பும். பாண் என்றால் பேக்கரி ரொட்டி. நம் ஊரில் அதைக் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே கால் றாத்தல் பாணைப் பிய்த்துப் பருப்பில் முக்கி, ஆரோக்கியமான மனிதர்கள் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள்.

ஸ்டேஷன் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் கோச்சி நின்றுகொண்டிருந்தது. கோச்சி என்றால் ரயில். பிளாட்பாரம் முழுக்க அழுகை. சும்மா அழுகை இல்லை, மாரில் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லிப் பாடி அழும் ஒப்பாரி. ஜன்னலுக்கு உள்ளே இருக்கிற அண்ணனைப் பார்த்து வெளியே நிற்கும் தங்கை, "என்னப் பெத்த ராசா" என்று செத்தவனுக்குப் பாடுகிற மாதிரி பாடினாள். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டான். நான் ஊரில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். யாரும் தன் ஒப்பாரியைத் தானே கேட்டதில்லை.

"சூசை போனப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"டீச்சர் அழுவல" என்றார் தங்கராஜ். "கையாட்டிக்கிட்டே நின்னாங்க. ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல, ஒரே வீட்டுல அக்காவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இந்தியான்னு எழுதிட்டானுக. அவன் போன வாரமே ஆட்டத்துல அவன் நாற்காலிய எடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. போனவங்களோட ஆட்டத்து ஆளு வழிப்பயணத்துல இருக்கான், அவன் முறை வந்தா நாமதான் பேசணும்னு. எங்களுக்கும் அது புடிச்சிருந்திச்சு. போனவன் ஒருத்தனும் திரும்பி வந்ததில்ல பாருங்க. அட, மேசையிலயாவது இருக்கட்டுமேன்னு."

கோச்சி நகர்ந்தது. சத்தம் ஓயும்வரை நின்றுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"யாரும் சாகக்கூடாதுங்கிறதும் அவங்க வச்ச சட்டந்தான். வெள்ளக்காரத் தம்பி கத்துக்குடுத்த மொத நாளே என் ஆளு செத்துட்டான். நான் கெக்கெக்கென்னு சிரிச்சேன். டீச்சர் எந்திரிச்சு நின்னுட்டாங்க. இந்த மேசையில ஒருத்தரும் சாகக்கூடாதுன்னாங்க. கட்ட கொறஞ்சா வழி தவறட்டும், பொருளு தொலையட்டும், உசிரு போகக்கூடாது. அந்தத் தம்பிக்கு ஒண்ணும் வெளங்கல. பஞ்சம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வருசந்தான் ஆயிருந்திச்சு. மாவு இல்ல, அரிசி இல்ல. டீச்சரோட அம்மாவும் கடைசித் தங்கச்சியும் அதுலதான் போனாங்க. ஒரே மாசத்துல. எங்க லயத்துலயும் போச்சு. அழுவுறதுக்குத் தெம்பு வேணுமேண்ணே. அப்ப யாருக்கும் இல்ல."

திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் கப்பலேறினவர்களுக்குச் சாவு வீட்டு ஒப்பாரி, செத்துப்போனவனுக்கு வழிப்பயணம். எங்கேயோ இரண்டும் இடம் மாறிப் போயிருந்தது. யாரைக் குற்றம் சொல்வது? பிரியும்போதும் திரும்ப வரப்போவதில்லை, சாகும்போதும் திரும்ப வரப்போவதில்லை. எனக்கே வித்தியாசம் சரியாக விளங்கவில்லை.

புதன்கிழமை போயா. பௌர்ணமிக்கு இங்கே பள்ளிக்கூடமும் கந்தோரும் மூடிவிடுவார்கள். சுமணபால காலையில் விகாரைக்குப் போய்விட்டு, வெள்ளை உடுப்போடு நேராக டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்குப் புரியும்படி மெதுவாகத் தமிழில் பேசினார். "டீச்சர் வராமல் ஆட்டம் இல்லை. நான் ஆறுதல் சொல்ல வரவில்லை, உப்பு விலை இன்னும் முடியவில்லை." டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னேரம் வருகிறேன் என்றார்.

சாயங்காலம் கோயிலை நோக்கி நானும் டீச்சரும் நடந்தோம். பாதி வழியில் அவரே கேட்டார்.

"வேற மாதிரி ஆடுவோம்னீங்களே அண்ணே. எப்படி?"

நான் கேள்விக்குறியை எடுத்தேன். "நீங்க ஆடுறதுல ஒங்களுக்கு எது ரொம்பப் புடிக்கும் டீச்சர்?"

ஓரத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டார். "எல்லாரும் இருப்பாங்க. அதுதான்."

"எங்க பக்கம் அது இல்ல. எங்களுக்கு என்ன நடக்கும்னு தெரியாம இருக்கணும். பயமா இருக்கணும். அதனால கட்டை என்ன சொன்னாலும் ஏத்துக்குவோம். சாவும் உண்டு. அது ஒசத்தின்னு சொல்லல. ஒங்க மேசையப் பாத்த பொறகு எங்களுது கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் தெரியுது."

"தம்பி ஒத்துக்கிட்டானா?"

இதைத்தான் நான் கடல் தாண்டி எடுத்து வந்திருந்தேன் போலிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

காமாலை வருவதற்குக் கொஞ்ச நாள் முந்தி. ஆட்டத்தில் வெள்ளம். ஓடக்காரன் முத்தையா ஒரு நோயாளிப் பிள்ளையை அக்கரை சேர்க்க வேண்டும். பிள்ளையைக் கரையில் தூக்கிக் கொடுத்துவிட்டான், ஓடம் சுழலில் மாட்டிக்கொண்டது. கட்டையை உருட்டினான், இரண்டு விழுந்தது. எங்கள் சட்டப்படி முத்தையா செத்தான். சூசையின் முகம் போன போக்கைப் பார்த்து எங்களுக்கே தாங்கவில்லை. பரவாயில்லை, இன்னொரு தடவை உருட்டு என்றோம். அவன்தான் மாட்டேன் என்றான்.

"என்ன சொன்னான்?" டீச்சர் நின்றுவிட்டார்.

"'எங்க ஊரு மேசையில யாரையும் சாக விடமாட்டோம். அதான் யாருக்காகவும் அழுது முடிச்சதே இல்ல. இவனுக்காவது அழுதுக்கிறேன்'னு சொன்னான். நெஜமாவே அழுதான் டீச்சர். ஒரு ஆட்டத்துக்கு இப்படியான்னு நாங்க முழிச்சோம். அப்பறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்து, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்தான்."

டீச்சர் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பாதை ஓரத்துப் புல்லில் துடைத்தார். பிறகு நடந்தார். நான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று கோயில் வாசல்வரை மனசு அடித்துக்கொண்டது.

மெர்சி முதலிலேயே வந்து மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். "டீச்சர், அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தாள். "இரும்மா" என்று சொல்லி அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். வரைபடத்தை விரித்தார். சுமணபாலவின் உப்பு விலை முடிந்தது. தங்கராஜ் இரண்டு காவலாளிகளைத் துரத்தினார். ஆனால் யாருக்கும் மனசு அதில் இல்லை. எல்லோரும் காலி நாற்காலியின் முறைக்காகக் காத்திருந்தோம்.

முறை வந்தது. டீச்சர் சூசையின் குரலில் பேசவில்லை. தன் குரலிலேயே பேசினார்.

"முத்தையா ஓடத்த அவுத்துட்டான். வெள்ளம் கூடிக்கிட்டு இருக்கு. நடு ஆத்துல இருக்கான்." கட்டைகளைக் கையில் எடுத்தார். "இன்னைக்குக் கட்ட என்னா சொல்லுதோ அதுதான். வழி தவறுறது இல்ல, பொருளு தொலையிறது இல்ல. பொழைக்கணும், இல்லாட்டிச் சாகணும். மெர்சி, முறையெல்லாம் சரியா?"

மெர்சி தலையை ஆட்டினாள்.

டீச்சர் கட்டைகளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினார். பித்தளைச் சத்தம் மேசை ஓரம்வரை போய் நின்றது. இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் மேலே. பன்னிரண்டு. தாயத்தில் அதைவிடப் பெரிய எண் கிடையாது.

சுமணபாலதான் முதலில் பேசினார். "பன்னிரண்டு, டீச்சர். ஓடம் போய்விட்டது. அக்கரை போய்விட்டது." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மெர்சி அழுதுகொண்டே, "ஆமா டீச்சர், முறைப்படி பொழைச்சிட்டாரு" என்றாள். சட்டம் பேசிய பெண்ணே அந்தச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நானும்தான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் சூசை பிழைத்துவிட்டான் என்றுதான் எனக்கும் இருந்தது.

டீச்சர் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரைபடத்துக்கு வெளியே வைத்தார்.

"இல்ல மெர்சி. கட்ட என்னா வேணும்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். ஓடம் கவுந்திருச்சு. முத்தையா செத்துட்டான்." குரல் அங்கேயே உடைந்தது. "என் தம்பி செத்துட்டான்."

மேசையில் தலையை வைத்து அழுதார். ஹட்டன் பிளாட்பாரத்தில் கேட்ட அதே அழுகை. அம்மா பெயரும் வந்தது, அந்தச் சின்னத் தங்கச்சியின் பெயரும் வந்தது. தங்கராஜ் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெர்சி டீச்சரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஃபாதர் இருப்பாரா இந்நேரம்?"

"இருப்பாரு டீச்சர்" என்றார் தங்கராஜ், வாசலிலிருந்து.

"வாங்க, போவோம்" என்று எழுந்தார் டீச்சர். "பூசைக்கு மூணு பேரு குடுக்கணும்."